ஃபேன் பெல்ட் அறுந்தா பிரேக் பிடிக்குமா?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். நீங்க ஒரு பழைய கார் ஓட்டிட்டு இருக்கீங்க. நாற்பது, ஐம்பது வயசான வண்டி. ஒரு மலை இறக்கம். திடீர்னு பானெட்டுக்குள்ள இருந்து 'டப்'னு ஒரு சத்தம். ஃபேன் பெல்ட் அறுந்துடுச்சு. இப்போ பிரேக் பிடிக்குமா, பிடிக்காதா?

சில பேர் உடனே சிரிப்பாங்க. ஃபேன் பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் என்னப்பா சம்பந்தம், எஞ்சின் சூடாகும், பேட்டரி சார்ஜ் ஏறாது, அவ்வளவுதானேன்னு கேப்பாங்க. நிறைய கார்களுக்கு அது சரியான பதில்தான். ஆனா சில கார்கள்ல பெடல் கல்லு மாதிரி இறுகிடும். இன்னும் சில கார்கள்ல, கொஞ்ச நேரத்துல பிரேக்குன்னு ஒண்ணே இருக்காது. ஒரே பெல்ட், மூணு பதில். ஏன் இப்படின்னு தேடிப் போனா நூறு வருஷ வரலாறு கிடைக்குது. அதுதான் இன்னைக்கு எபிசோடு.

காலோட பலம் எவ்வளவு?

முதல்ல அடிப்படை. பிரேக் பெடல் ஒரு நெம்புகோல். நம்ம கால் தர்ற விசையை அது கொஞ்சம் பெருக்கி மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுக்குது. மாஸ்டர் சிலிண்டர் அதை எண்ணெய் அழுத்தமா மாத்தி சக்கரங்களுக்கு அனுப்புது. சின்ன பிஸ்டன்ல தள்ளினா பெரிய பிஸ்டன்ல அதிக விசை கிடைக்கும். பள்ளிக்கூடத்துல படிச்ச பாஸ்கல் விதிதான்.

ஆனா இதுல இலவசம் எதுவும் கிடையாது. விசையைப் பெருக்கினா, கால் நகர வேண்டிய தூரமும் அதே அளவு கூடும். பெடலை ஒரு அளவுக்கு மேல கீழே தள்ள இடம் ஏது? அதனால நெம்புகோலையும் பிஸ்டனையும் மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு எல்லை வரைக்கும்தான் போக முடியும். வண்டி கனமாச்சு, வேகம் கூடுச்சுன்னா கால் பலம் பத்தாது. பழைய அம்பாசிடர் ஓட்டினவங்க கிட்ட கேட்டுப் பாருங்க. பிரேக்னா கிட்டத்தட்ட எழுந்து நின்னு மிதிக்கணும்பாங்க.

அப்போ என்ன செய்யணும்? பலத்தை வேற எங்கேயாவது இரவல் வாங்கணும். பவர் பிரேக்கோட மொத்த வரலாறும் இந்த இரவலோட வரலாறுதான். யார் கிட்ட வாங்குறோம்? கொடுக்கிறவர் திடீர்னு கடையை மூடிட்டா நம்ம கையில என்ன மிச்சம் இருக்கும்? இந்த ரெண்டு கேள்வியையும் கையில பிடிச்சுக்கோங்க. மீதிக் கதை முழுக்க இதுதான்.

சக்கரத்துக்கிட்டயே வாங்கின இரவல்

1919, பாரிஸ் மோட்டார் கண்காட்சி. ஹிஸ்பானோ-சூய்சா நிறுவனம் எச்6ன்னு ஒரு கார் காட்டுது. அதை வடிவமைச்சவர் சுவிட்சர்லாந்துல பிறந்த மார்க் பிர்கிக்ட். நாலு சக்கரத்துலயும் பிரேக், கூடவே ஒரு சர்வோ. அந்த சர்வோவுக்கு பலம் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? கியர்பாக்ஸ்ல இருந்து. சக்கரத்தோட சேர்ந்து சுத்துற ஒரு தண்டு. நீங்க பெடலை லேசா மிதிச்சா, அந்தச் சுழற்சியை ஒரு உராய்வு அமைப்பு பிடிச்சு, அந்த இழுவையாலேயே பிரேக்கை இன்னும் பலமா இழுக்கும்.

யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு புத்திசாலித்தனம். ஓடுற வண்டியை நிறுத்த, அந்த ஓட்டத்துக்கிட்டயே இரவல் வாங்குறாங்க. எஞ்சின் அணைஞ்சாலும் பரவாயில்ல. வண்டி உருளுற வரைக்கும் உதவி இருக்கும். வண்டி நின்னுட்டா உதவி போயிடும். ஆனா நின்ன வண்டிக்கு எதுக்கு உதவி?

ரோல்ஸ்-ராய்ஸ் இதுக்கு உரிமம் வாங்கி 1924-ல தன்னோட கார்கள்ல பொருத்தினாங்க. சில்வர் கிளவுட் வரிசை 1960களின் நடுவுல முடியற வரைக்கும் அதே வம்சம்தான். நாற்பது வருஷம். நம்ம சாஃப்ட்வேர் உலகத்துல நாலு வருஷம் தாங்குற டிசைனுக்கே கேக் வெட்டுவோம்.

குறை இல்லாம இல்ல. வண்டி ரொம்ப மெதுவா ஊர்றப்போ தண்டும் மெதுவா சுத்தும், அதனால உதவி ஒரு நொடி தாமதமா வரும். செய்யறதுக்கும் செலவு அதிகம். அதனால இது பணக்காரங்க கார்லயே தங்கிடுச்சு.

எஞ்சின் மூச்சுல வாங்கின இரவல்

சாதாரண கார்களுக்கு வந்த வழி வேற. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் டெவாண்ட்ரேன்னு ஒரு பொறியாளர். அவரோட வேக்கம் சர்வோவை 1927-ல போஷ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டு வந்தாங்க.

பெட்ரோல் எஞ்சின் காத்தை உள்ளே இழுக்கும். ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா த்ராட்டில் மூடிக்கும். ஆனா பிஸ்டன்கள் இழுக்கறதை நிறுத்தாது. அதனால மூடின கதவுக்கு இந்தப் பக்கம் இன்டேக் மேனிஃபோல்டுல காத்தழுத்தம் குறையும். இதைத்தான் வேக்கம்னு சொல்றோம். ஒரு வட்டமான தகர டப்பா, நடுவுல ஒரு ரப்பர் திரை. ஒரு பக்கம் வேக்கம், மறுபக்கம் வெளிக்காத்து. பெடலை மிதிச்சதும் வெளிக்காத்து உள்ளே புகுந்து திரையைத் தள்ளும். அதாவது நம்ம தலைக்கு மேல இருக்கிற வாயுமண்டலமே வந்து பிரேக்கை மிதிச்சுக் கொடுக்குது.

இதோட அழகு என்னன்னா, பிரேக் போடறப்போ நாம ஆக்சிலரேட்டரை விட்டிருப்போம். அதாவது தேவை வர்ற அதே நொடியில வேக்கமும் அதிகமா இருக்கும். நடுவுல பெல்ட் எதுவும் கிடையாது. எஞ்சின் நின்னு போனாலும் ஒரு ஒருவழி வால்வு டப்பாவுக்குள்ள இருக்கிற வேக்கத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். ஒண்ணு ரெண்டு மிதிக்கு அது போதும்.

ஆக, முதல் பதில் இதுதான். வேக்கம் சர்வோ வெச்ச பெட்ரோல் கார்ல ஃபேன் பெல்ட் அறுந்தா, எஞ்சின் ஓடுற வரைக்கும் பிரேக்குக்கு ஒண்ணும் ஆகாது.

ஒரு விதிவிலக்கு இருக்கு, நம்ம ஊருக்கு அது முக்கியம். டீசல் எஞ்சின்ல அந்த மாதிரி த்ராட்டில் மூடுறது கிடையாது. அதனால இயற்கையா வேக்கமும் கிடைக்காது. தனியா ஒரு வேக்கம் பம்ப் வைக்கணும். பழைய டீசல் வண்டிகள் பலதுல இந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரோட முதுகுலயே உட்கார்ந்திருக்கும். ஆல்டர்னேட்டரை ஓட்டுறது எது? பெல்ட். அங்கே பெல்ட் அறுந்தா பேட்டரி லைட் மட்டும் எரியாது. பிரேக்கோட இரவலும் நின்னுடும்.

சிட்ரோயன்: மொத்தப் பலமும் எண்ணெயில

இப்போ 1955 அக்டோபர் 5. மறுபடியும் பாரிஸ் மோட்டார் கண்காட்சி. சிட்ரோயன் டிஎஸ் காரைத் திரை விலக்கிக் காட்டுறாங்க. முதல் பதினஞ்சு நிமிஷத்துல 743 ஆர்டர். அன்னைக்கு முடியறப்போ சுமார் 12,000. ஆண்ட்ரே லெஃபெவ்ர் தலைமையில பொறியியல், ஃப்ளாமினியோ பெர்டோனி கையில வடிவம். அந்த வடிவத்தைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க. ஆனா நம்ம கதைக்கு முக்கியமானவர் மூணாவது ஆள், பால் மாஜே.

மாஜே 1925-ல, பதினேழு வயசுல சிட்ரோயன்ல வேலைக்குச் சேர்ந்தவர். பொறியியல் பட்டம் கிடையாது. தானா கத்துக்கிட்டவர். போர்க்காலத்துல, 1942-ல இருந்து, எண்ணெயையும் வாயுவையும் வெச்சு ஸ்ப்ரிங் இல்லாத சஸ்பென்ஷன் செய்ய முடியுமான்னு உழைச்சவர். பட்டம் வாங்கின எத்தனை பேர் அது நடக்காதுன்னு முடிவு கட்டியிருப்பாங்களோ, அதை அவர் நடத்திக் காட்டினார். 1954-ல ட்ராக்ஷன் அவாண்ட் காரோட பின்சக்கரத்துல சோதனை. அடுத்த வருஷம் டிஎஸ்ல முழுக் காரும்.

அதைப் புரிஞ்சுக்க நம்ம வீட்டு மாடித் தொட்டியை நினைச்சுக்கோங்க. கீழே மோட்டார், மேலே தொட்டி, வீடு முழுக்கக் குழாய். தொட்டி நிறைஞ்சா மோட்டார் நிக்கும், குறைஞ்சா ஓடும். நீங்க குழாயைத் திறக்கறப்போ மோட்டார் ஓடிட்டு இருக்கணும்னு அவசியமில்ல. டிஎஸ்லயும் அதே கதைதான். எஞ்சின்ல இருந்து பெல்ட் வழியா ஓடுற ஏழு பிஸ்டன் பம்ப்தான் மோட்டார். நைட்ரஜன் வாயு நிரப்பின இரும்பு உருண்டை, அதாவது அக்குமுலேட்டர், அதுதான் தொட்டி. பம்ப் எண்ணெயை உருண்டைக்குள்ள தள்ளும், நைட்ரஜன் அமுங்கி ஸ்ப்ரிங் மாதிரி காத்திருக்கும். அழுத்தம் சுமார் 150-ல இருந்து 175 பார். கார் டயர்ல நாம அடிக்கிற காத்து ரெண்டேகால் பார்தான்னு ஞாபகம் வெச்சுக்கிட்டா இந்த எண்ணோட கனம் புரியும்.

இந்த ஒரே தொட்டியில இருந்து சஸ்பென்ஷன், ஸ்டியரிங், கிளட்ச், கியர், பிரேக், எல்லாத்துக்கும் குழாய். பிரேக்குக்குப் பெடல்கூட கிடையாது. தரையில காளான் மாதிரி ஒரு ரப்பர் பொத்தான். அது நகர்றதே தெரியாது. எவ்வளவு பலமா அமுக்குறீங்களோ அவ்வளவு பிரேக்.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். வேக்கம் சர்வோவுல கால் பலத்தோட இரவல் பலம் சேருது. இரவல் போனாலும் கால் பலம் மிச்சம் இருக்கும். டிஎஸ்ல காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல வழக்கமான மாஸ்டர் சிலிண்டரே இல்ல. கால் ஒரு வால்வைத் திறக்குது, அவ்வளவுதான். நிறுத்துற பலம் முழுக்க, நூத்துக்கு நூறு, இரவல். தொட்டி காலின்னா பொத்தானை எவ்வளவு மிதிச்சாலும் ஒண்ணும் நடக்காது.

இது தெரிஞ்சுதான் மாஜே குழுவினர் தற்காப்பு வெச்சாங்க. பிரேக்குக்குன்னு தனி அக்குமுலேட்டர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி வழி. அழுத்தம் குறைஞ்சா டாஷ்போர்டுல எச்சரிக்கை விளக்கு. எண்ணெயை நம்பாம, கேபிளால தனி பேடுகளைப் பிடிக்கிற பார்க்கிங் பிரேக். பெல்ட் அறுந்தா ஸ்டியரிங் கனக்கும், கியர் மாறாது, காரோட உடம்பே மெல்ல தரையை நோக்கி இறங்கும். ஆனா ஓரங்கட்டி நிறுத்துற அளவுக்கு பிரேக் அழுத்தம் சேமிப்புல இருக்கும். 1970-ல வந்த ஜிஎஸ் கார்ல இதை இன்னும் தெளிவாக்கினாங்க. தொட்டியில தண்ணி குறைஞ்சா முதல் உரிமை முன் பிரேக்குக்கு, சஸ்பென்ஷன் அப்புறம்தான்னு முடிவு பண்ண ஒரு பாதுகாப்பு வால்வு.

டிஎஸ்ஸை ஆரம்பத்துல படுத்தி எடுத்தது பெல்ட்டை விட எண்ணெய்தான். அந்தக் காலத்து ஹைட்ராலிக் எண்ணெய் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு பிடிக்கும், ஒழுகும். காரை ரகசியமா வெச்சிருந்ததால ஊர் ஊரா இருந்த மெக்கானிக்குகளுக்கும் அதைப் பத்திச் சரியா சொல்லித் தரல. 1966-ல எல்எச்எம்னு பச்சை நிற மினரல் எண்ணெய்க்கு மாறினதுக்கு அப்புறம்தான் நிம்மதி. 1975-ல உற்பத்தி நிக்கறப்போ கிட்டத்தட்ட பதினாலரை லட்சம் கார்கள் வந்திருந்துச்சு. இதே காரால பிரெஞ்சு அதிபர் டி கால் ஒரு கொலை முயற்சியில இருந்து தப்பின கதையும் உண்டு. அதுக்குத் தனி எபிசோடு போடணும்.

ரோல்ஸ்-ராய்ஸ்: பெல்ட்டே வேண்டாம்

1965-ல ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ வருது. கியர்பாக்ஸ் சர்வோவுக்கு விடை கொடுத்துட்டு, சிட்ரோயன் கிட்ட உரிமம் வாங்கி உயர் அழுத்த எண்ணெய்க்கு மாறுறாங்க. ஆனா அவங்க பண்ண மாற்றத்தைக் கவனிங்க. பம்புக்கு பெல்ட் போடல. எஞ்சினோட கேம்ஷாஃப்ட்டே ஒரு தள்ளுதண்டு மூலமா பம்பை ஓட்டும்படி வெச்சாங்க. அதுவும் ஒரு பம்ப் இல்ல, ரெண்டு. ஒவ்வொண்ணுக்கும் தனி அக்குமுலேட்டர், தனி எச்சரிக்கை விளக்கு. ஆரம்ப கால ஷேடோக்கள்ல மூணாவதா, இரவலே வாங்காத ஒரு சாதாரண மாஸ்டர் சிலிண்டர் வழியும் உண்டு.

பெல்ட் உராய்வை நம்பி வாழற பொருள். கேம்ஷாஃப்ட் நின்னா எஞ்சினே நின்னு போகும். அதனால அங்கே பம்பை மாட்டினா, எஞ்சின் ஓடுறப்போ பம்ப் மட்டும் தனியா படுத்துக்கிற வாய்ப்பு ரொம்பக் குறைவு. சிஸ்டம் டிசைன் இன்டர்வியூவுல கேக்கற 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' கேள்விக்கு, கம்ப்யூட்டர் பத்திப் பேசாமலே ஒரு நல்ல பதில்.

அமெரிக்கா: ஸ்டியரிங் பம்பை பங்கு போட்ட கதை

இப்போ அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். 1970கள். அமெரிக்கக் கார்கள் ரெண்டு டன்னுக்கும் மேல. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்ததுல எஞ்சின்ல புதுசு புதுசா வேக்கத்தால இயங்குற சாதனங்கள். பிரேக்குக்குப் பங்கு குறையுது. டீசல் எஞ்சின்கள் வேற வரப் போகுது, அதுல வேக்கமே கிடையாது. பானெட்டுக்குள்ள பெரிய தகர டப்பாவுக்கு இடமும் இல்ல.

பெண்டிக்ஸ் நிறுவனம் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. இந்தக் கார்கள்ல பவர் ஸ்டியரிங் பம்ப் ஏற்கெனவே இருக்கு. அது எண்ணெயை அழுத்தி அனுப்பிட்டேதான் இருக்கு. அதையே பிரேக்குக்கும் பயன்படுத்தினா என்ன? அதுதான் ஹைட்ரோ-பூஸ்ட். பம்ப்ல இருந்து கிளம்புற எண்ணெய் முதல்ல பிரேக் பூஸ்டருக்குப் போகும், அப்புறம் ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போகும், அப்புறம் திரும்பி பம்புக்கு வரும். 1970களின் நடுவுல லிங்கன், தண்டர்பேர்டு மாதிரி பெரிய கார்கள்ல வந்துச்சு. அப்புறம் டீசல் பிக்கப் டிரக்குகள்ல நிலைச்சுடுச்சு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டா இதோட ஈர்ப்பு புரியும். 25 சென்டிமீட்டர் அகலமுள்ள வேக்கம் திரையோட பரப்பு சுமார் 490 சதுர சென்டிமீட்டர். வேக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ தள்ளும்னு வெச்சுக்கிட்டா, மொத்தம் 340 கிலோ விசை. அதே 340 கிலோவை 70 பார் எண்ணெய் அழுத்தத்துல வாங்க எவ்வளவு பரப்பு வேணும்? ஐந்து சதுர சென்டிமீட்டருக்குள்ள முடிஞ்சுடும். ஒரு தோசைக்கல் அளவு திரை செய்யற வேலையை ஒரு ரூபாய் நாணயம் அளவு பிஸ்டன் செய்யுது.

ஆனா இரவல் கொடுக்கிறவர் இப்போ யாரு? பம்ப். பம்பை ஓட்டுறது பெல்ட். பெல்ட் அறுந்தா ஸ்டியரிங் உதவியும் பிரேக் உதவியும் ஒரே நொடியில போகும். ரெண்டு கையும் ஒரே நேரத்துல கட்டின மாதிரி.

அதுக்கு பெண்டிக்ஸ் ரெண்டு தற்காப்பு வெச்சாங்க. ஒண்ணு, சின்ன அக்குமுலேட்டர். வீட்டுல கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்குற இன்வெர்ட்டர் மாதிரி. ரெண்டு மூணு மிதிக்குப் போதுமான சேமிப்பு. ரெண்டாவது, அதுவும் தீர்ந்தா, பெடல் தண்டு பூஸ்டரைத் தாண்டி நேரா மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். பெடல் கல்லு மாதிரி இருக்கும், ஆனா கால் பலம் முழுசா சக்கரத்துக்குப் போகும். டிஎஸ்ஸுக்கும் இதுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இதுதான். சிட்ரோயன் சேமிப்பை நம்பினாங்க. பெண்டிக்ஸ் கொஞ்சம் சேமிப்பும், கடைசியில உங்க காலும்னு நம்பினாங்க.

பெல்ட்டோட பக்கத்துக் கதை

இவ்வளவு பேரோட உயிரைத் தாங்குற அந்த ரப்பர் வளையம் என்ன பொருள்? ஆரம்ப கால கார்கள்ல தட்டையான தோல் பெல்ட் இருந்துச்சு. 1917-ல அமெரிக்காவுல டென்வர் நகரத்துல ஜான் கேட்ஸ் ரப்பரும் துணியும் சேர்த்து வி வடிவ பெல்ட் செஞ்சார். மதுரையில ஃபென்னர் தயாரிக்கிற பெல்ட்டுகள் வரைக்கும் இந்த வடிவம்தான்.

வி வடிவத்துல என்ன விசேஷம்? பெல்ட் புல்லியோட அடியைத் தொடக்கூடாது. ரெண்டு பக்கச் சுவர்லதான் ஆப்பு மாதிரி செருகிப் பிடிக்கணும். அந்தச் செருகலால பிடிப்பு தட்டை பெல்ட்டை விட சுமார் மூணு மடங்கு கூடுது. அதனாலதான் பக்கச் சுவர் பளபளன்னு வழுக்கையா மாறிட்டா ஆபத்து. தேய்ஞ்ச பெல்ட் பள்ளத்துல கீழே இறங்கி அடியைத் தொட்டுட்டா ஆப்புப் பிடிப்பே போயிடும்.

இங்கேதான் பழைய கார்க்காரங்க கவனிக்க வேண்டிய விஷயம். பெல்ட் அறுந்து போறது கடைசிக் கட்டம். அதுக்கு முன்னாடி அது வழுக்கும். ஹைட்ரோ-பூஸ்ட் வண்டியை பார்க்கிங்ல திருப்புறதை நினைச்சுப் பாருங்க. ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கிறீங்க, கூடவே பிரேக்கையும் பிடிக்கிறீங்க. எஞ்சின் ஐடில்ல மெதுவா ஓடுது. பம்புக்கு உச்சபட்ச சுமை, பெல்ட்டுக்கு உச்சபட்ச இழுப்பு, எல்லாம் ஒரே நேரத்துல. பம்ப் 70 பார் அழுத்தத்துல நிமிஷத்துக்கு 8 லிட்டர் தள்ளினா, அதுக்கே ஒரு குதிரைத் திறனுக்கு மேல வேணும். தளர்ந்த பெல்ட் அப்போ 'கீச்'னு கத்தும், பெடல் ஒரு நொடி இறுகும். அந்தக் கீச்சுச் சத்தம் முன்னறிவிப்பு. அவசரத்துக்கு நைலான் காலுறையை ஃபேன் பெல்ட்டா கட்டி ஓட்டின கதைகளைக் கேட்டிருப்பீங்க. தண்ணி பம்பை மெதுவா சுத்த அது ஒருவேளை உதவலாம். ஒரு குதிரைத் திறனை அது தாங்கும்னு நம்பி மலை இறங்காதீங்க.

பெல்ட்டைப் போடுற விதத்துலயும் ஒரு வரலாறு இருக்கு. பழைய கார்கள்ல ரெண்டு மூணு தனித்தனி வி-பெல்ட். ஒண்ணு போனா அது ஓட்டுறது மட்டும் போகும், மத்தது பிழைக்கும். அதிக சுமைக்கு ஒரே பம்புக்கு ஜோடி பெல்ட்டும் போடுவாங்க. ஜோடியில ஒண்ணை மட்டும் மாத்தக்கூடாது. புதுசு இறுக்கமா இருக்கும், மொத்தச் சுமையும் அது தலையில விழும்.

1979 ஃபோர்டு மஸ்டாங்ல ஒரே அகலமான பெல்ட் பாம்பு மாதிரி வளைஞ்சு எல்லாத்தையும் சுத்துற முறை வந்துச்சு. ஸ்ப்ரிங் டென்ஷனர் தானே இறுக்கத்தைப் பார்த்துக்கும். தளர்ந்து வழுக்குற பிரச்சினை பெருமளவு தீர்ந்துச்சு. ஆனா அந்த ஒண்ணு அறுந்தா எல்லாமே போச்சு. தோல்வி அபூர்வமாச்சு, வந்தா முழுசா வரும். சர்வர் நடத்துற யாருக்கும் இந்தப் பேரம் நல்லாத் தெரியும்.

ரப்பரும் மாறிச்சு. பழைய நியோப்ரீன் பெல்ட்டுகள் வயசானா வெடிப்பு விடும். வெடிப்பைப் பார்த்து மாத்தலாம். பின்னால வந்த ஈபிடிஎம் ரப்பர் வெடிக்காம அப்படியே தேயும். பார்க்க நல்லா இருக்கும், பள்ளம் மட்டும் ஆழமாகியிருக்கும். அதை அளவி வெச்சுத்தான் பார்க்கணும். பழைய கார்கள் வருஷத்துக்கு சில நூறு கிலோமீட்டர்தான் ஓடும். மீட்டரைப் பார்த்து பெல்ட் புதுசுன்னு நினைச்சுடக்கூடாது. ரப்பர் ஓடினாலும் ஓடலைன்னாலும் மூப்படையும். மாசக்கணக்கா ஒரே இடத்துல நின்ன பெல்ட் புல்லியோட வளைவுலயே இறுகிப் போகும்.

இது பழைய கார்க்காரங்க கவலை மட்டும்தானா?

இல்ல. 2014-ல ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம் வெடிச்சுது. ஓடிட்டு இருக்கிற கார்ல சாவி தானா நழுவி எஞ்சின் அணைஞ்சு போகும். ஸ்டியரிங் உதவி, பிரேக் உதவி போகும், ஏர்பேக்கும் விரியாது. நிறுவனமே அமைச்ச இழப்பீட்டு நிதி ஏத்துக்கிட்ட மரணங்கள் 124. அங்கே பெல்ட் அறுகல. ஆனா ஓட்டுநருக்கு வந்த நிலைமை அதேதான். இரவல் கொடுத்தவர் கடையை மூடிட்டார், கையில என்ன மிச்சம்னு அவருக்கு யாரும் சொல்லித் தரல.

அதனால சொல்லிடறேன். இரவல் போன பிரேக் செத்துப் போன பிரேக் இல்ல. வேக்கம் சர்வோவோ ஹைட்ரோ-பூஸ்ட்டோ, உதவி போனா பெடல் இறுகும். அந்த இறுக்கத்தைப் பார்த்து 'பிரேக் ஃபெயில்'னு காலை எடுத்துடறதுதான் பெரிய ஆபத்து. பெடலை விட்டு விட்டு மிதிக்காதீங்க. ஒவ்வொரு தடவை விடறப்பவும் சேமிப்பு கரையும். ஒரே மூச்சா, முழு பலத்தோட, காலை எடுக்காம அழுத்துங்க. கியரைக் குறைங்க. ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியா இழுங்க.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைச்சுட்டு கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்குற பழக்கம் யாருக்காவது இருந்தா, இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. சேமிப்பு ரெண்டு மூணு மிதி. வளைவு 70.

ஹைட்ரோ-பூஸ்ட் வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எளிய சோதனை. எஞ்சினை அணைச்சு, பெடல் இறுகுற வரைக்கும் நாலைஞ்சு தடவை மிதிங்க. அப்புறம் மிதிச்ச காலோட எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா கீழே இறங்கி, திரும்ப காலை மேலே தள்ளினா பூஸ்டர் வேலை செய்யுது. அடுத்து சேமிப்பு. ஸ்டியரிங்கை ஒரு தடவை திருப்பிட்டு எஞ்சினை அணைங்க, கொஞ்ச நேரம் கழிச்சு மிதிங்க. ரெண்டு மிதியாவது லேசா இருக்கணும். முதல் மிதியே இறுகுச்சுன்னா அக்குமுலேட்டர் காலி. சில்வர் ஷேடோ வெச்சிருக்கிறவங்களும் இதே வேலையைத்தான் செய்யறாங்க. எஞ்சினை அணைச்சுட்டு, எச்சரிக்கை விளக்கு எரிய எத்தனை மிதி ஆகுதுன்னு எண்ணுவாங்க. எண்ணிக்கை குறையக் குறைய உருண்டைக்குள்ள நைட்ரஜன் கசிஞ்சிட்டு இருக்குன்னு அர்த்தம்.

இன்னைக்கு எலக்ட்ரிக் கார்ல எஞ்சினே கிடையாது. வேக்கமும் இல்ல, பெல்ட்டும் இல்ல. ஒரு மின்மோட்டார்தான் பெடலுக்கு உதவுது. இரவல் கொடுக்கிறவர் மறுபடியும் மாறிட்டார், அவ்வளவுதான். ஹிஸ்பானோ-சூய்சா காலத்துக் கேள்வி அப்படியே இருக்கு. நீங்க ஓட்டுற வண்டி எதுவா இருந்தாலும், உங்க பிரேக்குக்குப் பலம் யார் கொடுக்கிறாங்க, அவர் நின்னு போனா எத்தனை மிதி மிச்சம், இந்த ரெண்டையும் அடுத்த தடவை சர்வீஸ் விடறப்போ மெக்கானிக் கிட்ட கேளுங்க. ஓனர் மேனுவல்லயும் ஒரு பக்கம் இருக்கும், தேடிப் படிங்க.

மறுபடியும் அடுத்த எபிசோடுல சந்திப்போம். அதுவரைக்கும் பெல்ட்டைப் பார்த்துக்கோங்க. சீட் பெல்ட்டையும்தான்.